வீரபாகுவின் காணி கிளியர்

உருத்திரபுரத்துக்கு மேற்கே, ஆறாம் வாய்க்கால் முடிகிற இடத்தில் வீரபாகுவுக்கு மூன்று ஏக்கர் காணி இருந்தது. இருந்தது என்று ஊர் சொன்னது. வருடம் தவறாமல் விளைந்த நெல்லும் சொன்னது. கடதாசி மட்டும் சொல்லவில்லை. அவருடைய தகப்பன் கந்தையா வட்டுக்கோட்டையிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியபோது அரசாங்கம் கொடுத்த காணிப் பேர்மிற், கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து போன வழியில் ஒரு உரப்பையோடு தொலைந்துபோயிற்று. எந்த இடத்தில் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திரும்பி வந்து பதினைந்து வருடமாக, கேட்கிற அரசாங்கக் கந்தோருக்கெல்லாம் அதே கதையைச் சொல்லி, அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படியான ஆட்களின் கரைச்சலைத் தீர்ப்பதற்கென்றே கிளிநொச்சியில் ‘காணித் துரித சீராக்கல் இணைப்புச் செயலகம்’ திறக்கப்பட்டது. அதில் ஐந்து பிரிவுகள். வெடிபொருள் பிரிவு, பற்றைப் பிரிவு, பசுமைப் பிரிவு, ஆவணப் பிரிவு, ஆட்கள் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி வாகனம், தனி றப்பர் முத்திரை. ஒரு பிரிவின் அறைக்குள் மற்றப் பிரிவு நுழைவதானால் மூன்று நாளுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இணைப்பு என்ற சொல் வாசல் பலகையில் இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த கிழமை செயலகத்திலிருந்து வீரபாகுவுக்குக் கடிதம் வந்தது. அச்சடித்த பெட்டிகள். பெயர், இடம், காணி இலக்கம் 47, பெப்ரவரி 15க்கு முன். எல்லாம் தமிழில். கடைசிப் பெட்டியின் தலைப்பு ‘நிலை அல்லது நடவடிக்கை’. அதற்குள் மட்டும் நீல மையில், ஆங்கிலத்தில், ஒரேயொரு சொல். ஊருக்குப் பொறுப்பான அலுவலர் விதானையார் பாலனிடம் புருசனும் பெண்சாதியும் கொண்டுபோய்க் காட்டினார்கள். பாலன் இளவயதுக்காரர், நல்ல மனுசர். ஒரு பார்வையில் வாசித்துவிட்டுக் கை கொடுத்தார்.

“முடிஞ்சுது ஐயா. உங்கட காணி கிளியர். ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு எழுதியிருக்கு.”

வீரபாகுவுக்குக் கண் கலங்கிற்று. அவருடைய மனைவி கமலாசனிக்குக் கலங்கவில்லை. அவள் கடிதத்தை வாங்கித் திகதியைத் தொட்டாள்.

“பிரச்சினை இல்லாததுக்கு ஏன் தவணை போட்டிருக்கினம்?”

திகதி இல்லாத அரசாங்கக் கடிதத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பாலன் சொன்னார். வீரபாகு அன்றைக்கே சிவன் கோயிலில் தேங்காய் உடைத்தார். வவுனியாவில் தாதியர் பயிற்சியில் இருந்த மகள் யதுர்ஷிகாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார். மகள் கொஞ்சம் யோசித்தாள். தங்கள் வாட்டில் ஒருவருடைய நெஞ்சு கிளியர் என்றால் நோய் வருத்தமில்லை என்று அர்த்தம். கட்டில் கிளியர் என்றால் அதில் கிடந்தவர் போய்விட்டார் என்று அர்த்தம். நின்ற நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கிற மெசினோடு நின்று கிளியர் என்று சொன்னால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு விலக வேண்டும் என்று அர்த்தம் என்றாள். பிறகு போனிலே அகராதியைத் திறந்து வாசித்துக்கொண்டே போனாள். வானம் வெளித்தல், தொண்டையைக் கனைத்தல், வேலியைத் தாண்டுதல், குற்றத்திலிருந்து விடுதலையாதல், சுங்கத்தில் சாமான் எடுத்தல், காடழித்தல். நாற்பது அர்த்தத்தைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

“அப்பா, உதை எந்தப் பிரிவு எழுதினது எண்டு முதல்ல கேளுங்கோ.”

கேட்பதற்கு முன்னமே பற்றைப் பிரிவு வந்துவிட்டது. இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் பற்றை வளர்ந்து கிடந்தது. திரும்பி வந்த காலத்தில் அந்தத் துண்டில் மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மிதிவெடி எடுத்துவிட்டோம் என்று எவரும் வந்து சொல்லவில்லை. அதனால் வீரபாகு அதற்குள் கால் வைக்கவில்லை. கோழி போனால்கூடக் கல்லெறிந்து கூப்பிடுவார். வந்தவர்கள் அந்தப் பற்றையைக் காட்டி, கிளியர் என்றால் துப்புரவாக்கு என்று அர்த்தம், பதினைந்தாம் திகதிக்குள் துப்புரவாக்காவிட்டால் கைவிடப்பட்ட காணி என்று எழுதிவிடுவோம் என்றார்கள். மிதிவெடி இருக்குமே என்று கமலாசனி கேட்டாள். அது தங்கள் அறை இல்லை என்றார்கள்.

வெடிபொருள் பிரிவுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். அங்கே இருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, காணி 47 கிளியர் என்றுதான் இருக்கிறது என்றார். அப்படியானால் இறங்கலாமா என்று கேட்டபோது, பதிவேடு தங்களுடையது, அதற்குப் பொறுப்புச் சொல்லலாம், காணி தங்களுடையது இல்லை என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் விடியவே வீரபாகு கத்தியை எடுத்தார். கமலாசனியை வேலிக்கு அப்பால் நிற்கச் சொன்னார். நாயுண்ணிச் செடியையும் விடத்தல் முள்ளையும் நுனியில் பிடித்து இழுத்து, அடியை வெட்டி, வெட்டிய இடத்தைக் குந்தியிருந்து பார்த்து, பிறகுதான் அடுத்த அடி வைத்தார். ஒரு அடிக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் கத்தி எதிலோ பட்டு ‘ணங்’ என்றது. அவர் அசையாமல் நின்றார். வேலிக்கு அப்பால் கமலாசனி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. கடைசியில் குனிந்து இலையை விலக்கிப் பார்த்தால், கறள் பிடித்த பால்மா ரின். நான்காம் நாள் பற்றை முடிந்தது.

ஐந்தாம் நாள் பசுமைப் பிரிவு வந்தது. வெட்டிய அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். முப்பத்தொரு கட்டை, அதில் இரண்டு பாலைக் கன்று. யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார்கள். வீரபாகு கடிதத்தை நீட்டினார். பிரிவுக்குப் பொறுப்பான அலுவலர் அதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, படிப்பில்லாத மனுசரில் இரக்கப்படுகிறவர் போலப் பேசினார்.

“ஐயா, இது பெயரடை. காணியின்ர நிலையைச் சொல்லுது. நீங்கள் இதை வினைச்சொல்லாப் பாவிச்சிருக்கிறியள்.”

பசுமைப் பிரிவின் குற்றப்பத்திரத்தில் அப்படியே எழுதினார்கள்: அனுமதியின்றி வினைப்படுத்தியமை. விசாரணை முடியும்வரை கட்டைகளைத் தொடக்கூடாது, அவை சாட்சிகள் என்று சொல்லி ஒவ்வொரு கட்டையிலும் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள்.

வீரபாகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். ஆவணப் பிரிவில் கஜேந்தினி என்ற எழுதுவினைஞர் இருந்தாள். முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான். கடிதத்தின் கிளியரான கொப்பி வேண்டும் என்றாள். அவர் நடுங்கிப் போனார். அவள் சிரிக்காமல், எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோக்கொப்பி என்று விளங்கப்படுத்தினாள். கொப்பியைக் கொடுத்ததும் ஆட்கள் பிரிவுக்குப் போகச் சொன்னாள். ஆட்கள் பிரிவில் அவரை முதலில் கிளியராக்க வேண்டும் என்றார்கள். எங்கே பிறந்தது, எந்தெந்த முகாமில் இருந்தது, எத்தனை பேர், யார் யார் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். இல்லாதவர்களின் பெயர் வந்தபோது எழுதியவர் பேனையை நிறுத்தி, இல்லையென்பதற்குக் கடதாசி இருக்கிறதா என்று கேட்டார். வீரபாகு தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு, கடதாசி இல்லை என்றார். அப்படியானால் அந்தப் பகுதி கிளியர் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் அந்தச் சொல்லை எழுதியது எந்தப் பிரிவு என்று அவர் ஐந்து அறையிலும் கேட்டார். ஐந்து அறையிலும் அது மற்ற அறையின் கையெழுத்து என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குசினிச் சுவரில் சிவப்புப் பெயின்ரால் ஒரு பெரிய வட்டமும் அதற்குள் 47 என்ற இலக்கமும் போட்டிருந்தது. யார் வந்து போட்டது என்று கமலாசனிக்கும் தெரியவில்லை. அவள் வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்த அரைமணி நேரத்தில் நடந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் வீட்டை விட்டுப் போகவில்லை.

பெப்ரவரி எட்டாம் திகதி பொதுமண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். ஆறாம் வாய்க்காலில் நாற்பது குடும்பத்துக்கு அதே கடிதம் போயிருந்தது. செயலகத்தின் பணிப்பாளர் கிருசாந்தன் வந்திருந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். நாலு நாட்டில் பயிற்சி எடுத்தவர். மேடையில் துணிப்பதாகை, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம். ஒவ்வொரு பிரிவுத் தலைவருக்கும் ஒவ்வொரு மாலை. வரிசை தவறியதால் பற்றைப் பிரிவுக்கும் பசுமைப் பிரிவுக்கும் மேடையிலேயே சொல் தடித்து, மாலைகளைக் கழற்றி மறுபடி போட்டார்கள். அதற்கே ஒரு மணித்தியாலம் போயிற்று. பிறகு பணிப்பாளர் பேசினார்.

“இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு நிறையப் பேர் கேக்கிறியள். நாங்கள் ஆறு மாதம், பன்ரெண்டு கூட்டம் வைச்சுத்தான் இதைத் தெரிவுசெய்தனாங்கள். வெடி எடுக்கிறவருக்கும் பொருந்தும், பற்றை வெட்டுறவருக்கும் பொருந்தும், ஆளை எழுப்பிறவருக்கும் பொருந்தும். தமிழில எழுதினால் ஒண்டைத்தான் எழுதலாம். ஒண்டை எழுதினால் அதை எழுதினது ஆர் எண்டு நாளைக்கு ஒரு கேள்வி வரும். இப்ப அந்தக் கேள்விக்கே இடமில்லை. இதுதான் எங்கட வெற்றி.”

பிரிவுத் தலைவர்கள் கை தட்டினார்கள். பக்கத்து வயல்காரர் பொன்னையா எழும்பி, ஆளை எழுப்பிறது என்றால் என்ன என்று கேட்டார். நேரம் போதாததால் கேள்விகளை எழுத்தில் தரும்படி அறிவித்துவிட்டு, எல்லோருக்கும் தின்ன ஒரு ரோல்சும் போட ஒரு தொப்பியும் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீரபாகு நித்திரை கொள்ளவில்லை. நெல் முற்றி மஞ்சளித்து நின்றது. அறுவடை மெசின்காரன் இருபதாம் திகதிக்கு முதல் வரமுடியாது என்றுவிட்டான். கமலாசனி அலுமாரியைத் திறந்து உடுப்புகளை உரப்பைகளில் அடைத்தாள். பிறகு ஒருநாள் பின்னேரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அலுமாரியில் அடுக்கினாள்.

பதினைந்தாம் திகதி காலை எட்டு மணிக்கு மண் கிண்டுகிற பெக்கோ இயந்திரம் வந்தது. கிரவல் பாதையில் அது வருகிற சத்தம் கால்மணி நேரமாகக் கேட்டது. வாசல் படலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, குசினிச் சுவருக்கு நேரே நின்று, வாளிப் பல்லை நிலத்தில் வைத்தது. ஓட்டி வந்தவன் றொமேஸ். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்துகொண்டிருந்தவன். படகு போனபிறகு இந்த வேலைக்கு வந்திருந்தான். வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்காமல், கையில் இருந்த கட்டளைத் தாளைப் பார்த்தான். தாளில் இப்படி இருந்தது: காணி 47, கிளியர், முடிந்தபின் இயந்திரம் திரும்ப வேண்டும்.

பின்னால் ஐந்து வாகனம் வந்தது. ஐந்து பிரிவும் இறங்கின. பற்றைப் பிரிவு, கட்டைகளைப் பிடுங்கு என்றது. பசுமைப் பிரிவு, கட்டைகள் சாட்சி, தொடாதே என்றது. ஆட்கள் பிரிவு, முதலில் வீட்டுச் சாமானை வெளியே எடுக்க வேண்டும் என்றது. ஆவணப் பிரிவு, வீடு என்று தங்கள் கோப்பில் ஒன்றுமில்லை, இல்லாததை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டது. வெடிபொருள் பிரிவு எல்லோரையும் ஐம்பது மீற்றர் பின்னால் போகச் சொல்லிவிட்டு, தான் நூறு மீற்றர் போய் நின்றது. இயந்திரம் உறுமிக்கொண்டே நின்றது. குசினிக் கூரையிலிருந்து ஓட்டுத் தூள் கொட்டியது.

வீரபாகு சுவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். முற்றத்தில் குந்திவிட்டார். பொன்னையாவும் மற்றச் சனங்களும் வாய்க்கால் கட்டில் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் இலக்கம் போட்டிருந்தது.

றொமேஸ் தலையை வெளியே நீட்டினான்.

“சேர், எதை?”

பணிப்பாளர் கிருசாந்தன் தாளைக் காட்டினார். “அதில கிடக்குதுதானே.”

“கிளியர் எண்டு கிடக்கு, சேர். சுவரையோ, கட்டையையோ, வயலையோ?”

“கிளியர் எண்டால் கிளியர். மணித்தியாலக் கணக்கில வாடகை ஓடுது, தொடங்கும்.”

றொமேஸ் தாளை மடித்து வைத்தான். பிறகு வாளியைத் தூக்குகிற தடியை இழுத்தான். வாளி மேலே எழும்பிற்று. அப்போதுதான் கமலாசனி குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். ஓடி வரவில்லை, கத்தவுமில்லை. கையில் மகளின் பழைய கொப்பியில் கிழித்த ஒரு ஒற்றையும் பேனையும் இருந்தன. வாளிக்குக் கீழால் நடந்து போய்ப் பணிப்பாளருக்கு முன்னால் நின்றாள். றொமேஸ் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினான்.

“ஐயா, நாங்கள் மறிக்கேல்லை,” என்றாள் கமலாசனி. “எதை உடைக்கவேணும் எண்டு தமிழில ஒரு சொல் எழுதி, கீழ உங்கட பேரையும் போட்டுத் தாங்கோ. அதைப் பாத்து நானே மெசின் ஓட்டுற பிள்ளைக்குக் காட்டிவிடுறன்.”

பணிப்பாளர் பேனையை வாங்கினார். ஒரு சொல்தானே. ஒற்றையை வாகனத்தின் மூடியில் வைத்து ‘அ’ என்று எழுதினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அகற்றுக என்று பற்றைப் பிரிவுத் தலைவர் மெதுவாகச் சொன்னார். அனுமதிக்கப்பட்டது என்று வரட்டும் சேர், அதுதான் பாதுகாப்பு என்று ஆவணப் பிரிவுத் தலைவர் சொன்னார். அழியாமல் காக்க என்றது பசுமைப் பிரிவு. பேனை ‘அ’வின் வாலில் நின்றபடி நின்றது, மை ஊறிப் பெரிய பொட்டாயிற்று. சனங்களில் ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பணிப்பாளர் சுற்றிப் பார்த்தார். ஐந்து பிரிவுத் தலைவர்களும் இரண்டிரண்டு அடி பின்னால் போயிருந்தார்கள்.

அவர் ஒற்றையைக் கிழித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். சொல்லின் பொருள் பற்றிக் கொழும்பிலுள்ள நிபுணர் குழுவிடம் கேட்டுவிட்டுத் தொடர்வோம் என்றார்.

அப்படியானால் தான் திரும்பிப் போகலாமா என்று றொமேஸ் கேட்டான். போக முடியாது என்று தெரிந்தது. கிளியர் முடிந்தபின்தான் இயந்திரம் திரும்ப வேண்டும் என்று கட்டளையில் இருந்தது. கட்டளையை மாற்றுவதானால் யாராவது கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று தீர்மானித்தார்கள். அரச சொத்து; காவலில்லாமல் விட முடியாது. வீட்டுக்காரரையே காவலுக்கு வைத்து, அவரிடம் பாரமளித்த பற்றுச்சீட்டு ஒன்று எழுத வேண்டும். கஜேந்தினியைக் கந்தோரிலிருந்து கூப்பிட்டு, வாகனத்துக்குள் இருந்தே தட்டெழுதச் சொன்னார்கள். பொறுப்பேற்கிறவர் வாசித்து விளங்க வேண்டும் என்பது விதி என்பதால் முழுவதும் தமிழில் எழுதினாள். பெறுமதியான இயந்திரத்தைச் சொந்தக்காரர் இல்லாத காணியில் விட்டால் கணக்காய்வு பிடிக்கும் என்பதும் விதி. அதற்கும் ஏற்றபடி எழுதினாள். காணியைப் பற்றி எழுதுகிறோம் என்று நினைத்திருந்தால் ஒருவரும் கிட்ட வந்திருக்கமாட்டார்கள். இது இயந்திரத்தைப் பற்றியது. அதனால் பணிப்பாளர் நின்றபடியே கையெழுத்து வைத்தார். ஐந்து பிரிவும், இயந்திரத்தில் தங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று காட்ட, போட்டி போட்டுக்கொண்டு முத்திரை குத்தின.

வாகனங்கள் போனபிறகு கமலாசனி சீட்டை உரத்து வாசித்தாள். ‘ஆறாம் வாய்க்கால், காணி இலக்கம் 47, விஸ்தீரணம் மூன்று ஏக்கர், வடக்கே வாய்க்கால், கிழக்கே பொன்னையாவின் வயல், தெற்கே கிரவல் பாதை, மேற்கே காடு. மேற்படி காணியின் உரிமையாளரும் அதில் நிரந்தரமாகக் குடியிருப்பவருமான கந்தையா வீரபாகு என்பவரிடம்…’ அந்த இடத்தில் நின்றுவிட்டாள். வீரபாகு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். அவர் இன்னும் ஒரு தரம் கேட்டார்.

அடுத்த நாளே கிளிநொச்சிக்குப் போய் அதை லமினேற் செய்து, பதினொரு கொப்பியும் எடுத்து வந்தார்கள். பாலன் விதானையார் அதைப் பார்த்துத் தன் பதிவேட்டில் ஏற்றினார். இருபதாம் திகதி நெல் அறுத்தார்கள். நிபுணர் குழு இன்னும் கூடவில்லை. குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதில் ஐந்து பிரிவுக்கும் கருத்து வேறுபாடு என்று கேள்வி. பொன்னையா ஒருநாள் வந்து, இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உதை என்ர காணியிலயும் ஒரு ரெண்டு நாள் கொண்டுவந்து விடமாட்டினமோ?”

திங்கட்கிழமைகளில் றொமேஸ் பஸ்ஸில் வருவான். பற்றரி இறங்கிவிடாமல் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட வேண்டும் என்பது அவனுக்கிட்ட கட்டளை. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி வைப்பான். கையைத் தடிகளில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பான். கமலாசனி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வந்து, வாளிக்கும் குசினிச் சுவருக்கும் நடுவில் நிற்பாள். வீரபாகுவும் பக்கத்தில் வந்து நிற்பார். அந்தப் பத்து நிமிடமும் இருவரும் வாளியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.